கொல்லையில் ஒரு சிற்றேரி

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலுக்கு எதிரே ஜடாயு தீர்த்தம் இருக்கிறது. இராவணனோடு போரிட்டு வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் செய்த இடம் இது என்கிறது தலபுராணம். ஊருக்கு வருகிறவர்கள் கால் நனைக்கும் நீர்நிலை இந்தக் குளம்தான். ஆனால் காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே, பாலுசெட்டி சத்திரம் வழியாக இங்கே வருகிறவர்கள் வழிநெடுக வேறொரு வகை நீர்நிலையையும் கடந்துதான் வருகிறார்கள். அது ஏரி. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று சொல்லும் அளவுக்கு இந்த வட்டாரத்தின் வேளாண்மை முழுவதும் ஏரியை நம்பியே வளர்ந்தது.

குளமும் ஏரியும் நமக்குத் தண்ணீர்தான். ஒரு தவளைக்கு அப்படி இல்லை. கோயில் குளத்தின் நான்கு பக்கமும் கல். படி இறங்கினால் ஆழம். ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை. மதகும் கலங்கலும் அந்தப் பக்கம் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் தரை மெல்ல மெல்லச் சரிந்து நீருக்குள் போகிறது. அங்கே தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. முழங்கால் ஆழம், கணுக்கால் ஆழம், ஈரமண், புல், பிறகு வயல். மழைக்காலத்தில் இந்த விளிம்பு நாளுக்கு நாள் நகர்கிறது. கோடையில் ஏரியே வற்றி, மாடு மேயும் தரையாகிறது.

நம் சமவெளித் தவளைகளின் வாழ்க்கை இந்த நகரும் விளிம்பில்தான் நடக்கிறது. வீட்டுக் கொல்லையில் தவளைகளுக்காக ஒரு குட்டை வெட்ட நினைக்கிற யாரும் குளத்தை மனத்தில் வைத்து வெட்டக் கூடாது. ஏரியை மனத்தில் வைத்து வெட்ட வேண்டும். சரிவு வேண்டும், மீன் கூடாது, ஆண்டுக்கு ஒருமுறை அது வற்ற வேண்டும். இந்த மூன்றும் ஏன் என்பதுதான் இந்த அத்தியாயம்.

யார் வருவார்கள்?

முதலில் வருவது தேரை. கிராமத்தில் சொறித்தவளை என்று ஒதுக்கப்படும் அதே உயிர். ஆண்டின் பெரும்பகுதி செங்கல் இடுக்கிலும் பூந்தொட்டிக்கு அடியிலும் இருந்துவிட்டு, முட்டையிட மட்டும் நீரைத் தேடும். முட்டைகள் நீண்ட சரமாகச் செடித்தண்டுகளைச் சுற்றிக் கிடக்கும். அதிலிருந்து கருகருவென்று வெளிவரும் தலைப்பிரட்டைகள் கூட்டமாக நீந்தும்.

அடுத்தது, வட தமிழ்நாட்டில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வீட்டாரைத் திடுக்கிட வைக்கும் மரத்தவளை. பாலிபெடேட்டஸ் மாக்குலேட்டஸ் என்பது இதன் அறிவியல் பெயர். இது முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. நீருக்கு மேலே தொங்கும் இலையிலோ, தொட்டிச் சுவரிலோ பெண் தவளை ஒரு திரவத்தைச் சுரந்து, பின்னங்கால்களால் அதை அடித்து நுரையாக்குகிறது. முட்டைகள் அந்த நுரைக்குள் இருக்கும். மேற்புறம் காய்ந்து தோலாக இறுக, உள்ளே ஈரம் காக்கப்படும். சில நாட்களில் நுரையின் அடி கரைந்து தலைப்பிரட்டைகள் கீழே உள்ள நீரில் சொட்டுச் சொட்டாக விழும். நுரைக்குள் இருக்கும் வரை நீரில் திரியும் எதிரிகளின் வாய்க்கு அவை எட்டுவதில்லை.

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய குறுவாய்த் தவளை, மைக்ரோஹைலா, புல்லுக்குள் இருந்து கத்தும்போது அந்தக் குரல் இவ்வளவு சின்ன உடலிலிருந்து வருகிறது என்று நம்ப முடியாது. எறும்பும் கறையானும் இதன் உணவு. இதன் தலைப்பிரட்டை ஏறக்குறைய கண்ணாடி. குடல் வெளியே தெரியும். நீரை வாங்கி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும்.

ஏறக்குறைய ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் இருப்பது பலூன் தவளை. குண்டு உடல், குட்டைக் கால். பின்னங்காலால் மண்ணைத் தள்ளிப் பின்புறமாகவே இறங்கிப் புதைந்துகொள்ளும். கனமழை இறங்கும் இரவுகளில் மேலே வந்து, நீர் தேங்கிய இடத்தில் உடலைக் காற்றால் உப்பவைத்து மிதந்து கத்தும். முட்டையிட்டதும் மீண்டும் மண்ணுக்குள். இத்தகைய தவளைக்குக் குட்டை என்பது வீடு அல்ல. சில இரவுகள் வந்து போகும் இடம். அதன் வீடு குட்டையைச் சுற்றியுள்ள பண்படாத மண்.

பெருந்தவளை, ஹாப்லோபேட்ராகஸ் டைகெரினஸ், இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய தவளை. மழைக்காலத்தில் ஆண் தவளை பளிச்சென்ற மஞ்சளாக மாறும். தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் உப்பும். இதன் தலைப்பிரட்டை ஊனுண்ணி. கொசுப்புழுவையும் மற்றத் தலைப்பிரட்டைகளையும் தின்னும்.

இவற்றோடு, துரத்தினால் நீரின் மேற்பரப்பிலேயே தத்தித் தத்திப் பாயும் யூஃப்ளிக்டிஸ் தவளையும் வரலாம். அதன் நெருங்கிய உறவான பெரிய பச்சைத் தவளையை பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஸ்ஸோன் 1834இல் புதுச்சேரியிலிருந்து கிடைத்த உயிரைக் கொண்டு விவரித்தார். தவளை என்றால் பூச்சியுண்ணி என்ற நம் பாடப்புத்தக நினைப்பை இது மாற்றுகிறது. வளர்ந்த பச்சைத் தவளை நீர்த்தாவரங்களைப் பெருமளவு தின்கிறது என்பதை இந்திரனில் தாஸ் 1996இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தமிழ்க் கடற்கரையின் ஏரிகளிலும் குட்டைகளிலும் காணப்படும் ஒரு தவளை, உலகத் தவளைகளில் மிகச் சிலவே செய்யும் ஒன்றைச் செய்கிறது.

வற்றுவதன் பயன்

குட்டை வெட்டும் பலருக்கு வருகிற முதல் கவலை, தண்ணீர் வற்றிவிடுமே என்பது. போர்வெல் குழாயைத் திருப்பிவிட்டு ஆண்டு முழுவதும் நிறைத்து வைப்பார்கள். அங்கேதான் தவளைகளுக்குப் பின்னடைவு தொடங்குகிறது.

நீர்நிலைகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்போம். ஒரு முனையில் மழைக்குத் தேங்கிச் சில நாளில் காயும் பள்ளம். மறுமுனையில் என்றும் வற்றாத ஆழமான நீர். வெல்பார்ன், ஸ்கெல்லி, வெர்னர் என்ற மூன்று சூழலியலாளர்கள் 1996இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரை இந்த வரிசையை விளக்கியது. சீக்கிரம் காயும் முனையில் தலைப்பிரட்டையின் எதிரி வறட்சி. வற்றாத முனையில் எதிரி மீன். நடுவில், சில மாதங்கள் நின்று பிறகு வற்றும் நீரில், மீன் தங்க முடியாது. நீரை நம்பிப் பல மாதங்கள் வளர வேண்டிய பெரிய கொன்றுண்ணிப் பூச்சிகளும் பெருக முடியாது. பல வகைத் தவளைகளுக்கு இந்த நடுப்பகுதிதான் பிள்ளை வளர்க்கும் இடம்.

நம் சமவெளித் தவளைகள் பலவற்றின் தலைப்பிரட்டைகள் இங்குள்ள வெப்பத்தில் ஒன்று முதல் இரண்டு மாதங்களுக்குள் உருமாறிக் கரையேறிவிடுகின்றன. ஆகவே ஒரு குட்டை மூன்று நான்கு மாதம் நீர் தாங்கினால் போதும். அதற்குமேல் வற்றுவது குறை அல்ல.

நீர் குறைவதைத் தலைப்பிரட்டை எப்படி அறிகிறது என்ற கேள்விக்கு அறிவியல் நூறாண்டாக விடை தேடி வந்திருக்கிறது. 1912இல் குடர்நாட்ஷ் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டு சுரப்பியை உணவாகக் கொடுத்தார். அவை வளர வேண்டிய அளவுக்கு வளரும் முன்பே அவசரமாக உருமாறி, மிகச் சிறிய தவளைகளாயின. வாலை உடல் உள்வாங்குவது, கால் முளைப்பது, செடி தின்னும் நீண்ட குடல் குறுகிப் பூச்சி தின்னும் குடலாவது எல்லாமே தைராய்டு ஹார்மோனின் ஆணைப்படி நடக்கின்றன என்பது அதன்பின் தெளிவாயிற்று. 1990களில் அமெரிக்காவின் ராபர்ட் டென்வர், பாலைநிலத் தேரைகளில் அடுத்த கண்ணியைக் கண்டார். குட்டை வற்றும்போது தலைப்பிரட்டையின் மூளையில் மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஒரு ஹார்மோன் கூடுகிறது. அது தைராய்டைத் தூண்டுகிறது; உருமாற்றம் விரைகிறது. மனித உடலிலும் அழுத்தத்துக்கு எதிர்வினையைத் தொடங்கிவைப்பது இதே வகை ஹார்மோன்தான்.

இந்த விரைவுக்கு விலை உண்டு. அவசரமாகக் கரையேறும் தவளை சிறியது. அதன் பிழைப்பும் கடினம். அதனால் குட்டை ஒரே வாரத்தில் காய்ந்துவிடக் கூடாது. ஏரியின் விளிம்பு எப்படி மெல்லப் பின்வாங்குகிறதோ அப்படிப் பின்வாங்க வேண்டும். சரிவு எதற்கு என்பதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் வெப்பம். மேல்விளிம்பில் விரலளவு ஆழமுள்ள நீர் காலை வெயிலில் சீக்கிரம் சூடாகிறது, பாசி வளர்கிறது, அதைச் சுரண்டித் தின்னும் தலைப்பிரட்டை வேகமாக வளர்கிறது. நண்பகலில் அந்த நீர் தாங்க முடியாத சூடானால் அவை ஆழத்துக்கு நகரலாம். மூன்றாவது காரணம் வெளியேறுதல். வால் கரையும் நாட்களில் தவளைக்குட்டிக்கு நீந்தவும் முழுத் திறனில்லை, குதிக்கவும் முழுத் திறனில்லை. செங்குத்தான சிமெண்ட் சுவர் உள்ள தொட்டியில் அது ஏற வழியின்றி மூழ்கிச் சாகும்.

வெட்டும் முறை

நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் உள்ள இடம் ஒரு நல்ல தொடக்கம். ஒரு முனையில் தரைமட்டத்தில் தொடங்கி, மறுமுனையில் அரை மீட்டர் ஆழம் வரும்படி சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணை ஆழமான முனையில் கரையாகக் குவிக்க வேண்டும். கரையின் ஓர் ஓரத்தில் சற்றுத் தாழ்வாக விட்டு, கல் பதித்து, மிகுநீர் வாழைக்கோ முருங்கைக்கோ வழிந்தோடும்படி செய்தால் அதுவே கலங்கல். கரை, சரிவு, கலங்கல் மூன்றும் அமைந்துவிட்டால் ஏரி பிறந்துவிட்டது.

இந்தக் குட்டை நிறைந்தால் ஏறக்குறைய மூவாயிரம் லிட்டர் கொள்ளும். காஞ்சிபுரம் பகுதியில் ஆண்டு மழை சராசரியாக 1,200 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஐம்பது சதுர மீட்டர் மாடியிலிருந்து வரும் குழாயைக் குட்டைக்குத் திருப்பினால், மொத்தம் 60 மில்லிமீட்டர் மழையில் குட்டை நிறைந்துவிடும். ஐப்பசியில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்தாலே அது கிடைக்கும்.

வற்றும் காலத்தையும் கணக்கிடலாம். மழை ஓய்ந்த டிசம்பர் இறுதியில் ஆழமான முனையில் 50 சென்டிமீட்டர் நீர் இருக்கிறது என்று கொள்வோம். ஆவியாகியும் மண்ணில் ஊறியும் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் குறைந்தால், நூறு நாளில், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில் தரை தெரியும். அதற்குள் ஐப்பசி, கார்த்திகையில் பிறந்த தலைப்பிரட்டைகள் எப்போதோ கரையேறியிருக்கும்.

மண் நீரைத் தாங்குமா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் ஊற்றி, மறுநாள் காலை பார்த்தால் தெரியும். களிமண் பாங்கான நிலத்தில் வேறு எதுவும் தேவையில்லை. மணல் கலந்த நிலமென்றால் களிமண்ணைக் கொண்டுவந்து அரையடித் தடிமனுக்குப் பரப்பி, நீர் தெளித்து, காலால் மிதித்து இறுக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் பண்ணைக்குட்டைகளுக்கு விரிக்கும் தடித்த தார்ப்பாயை விரித்து, அதன்மேல் நான்கைந்து விரல் தடிமனுக்கு மண் போட வேண்டும். வெறும் பிளாஸ்டிக்கில் செடி வேர் பிடிக்காது, வெயிலில் கொதிக்கும், தவளைக்குட்டிக்கு வழுக்கும்.

இடம் தேர்வதில், காலை வெயிலும் மாலை நிழலும் உள்ள மூலை நல்லது. பெரிய புளிய மரத்துக்கு நேர் அடியில் வெட்டினால் இலை விழுந்து அழுகி நீரில் ஆக்சிஜனைக் குறைத்துவிடும். இரவு முழுவதும் எரியும் எல்இடி விளக்கு குட்டையின்மீது விழக் கூடாது. இருட்டில் இயங்கப் பழகிய உயிர்கள் இவை.

வெட்டுவதற்கு ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. தரை காய்ந்திருக்கும், வேலை எளிது. ஆனி, ஆடியில் வரும் இடிமழைகளில் செடி பிடிக்கும். ஐப்பசிக்குள் குட்டை தயாராகிவிடும்.

வறட்சி தெரிந்த செடிகள்

ஆண்டில் சில மாதம் நீரிலும் சில மாதம் காய்ந்த மண்ணிலும் வாழக்கூடிய செடிகள் நம் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் நிறைய உண்டு. சரிவின் மேல் விளிம்பில் வல்லாரை, நீர்ப்பிரம்மி, பொன்னாங்கண்ணி, பொடுதலை படர விடலாம். தவளைக்குட்டிகள் கரையேறியதும் வெயிலிலிருந்தும் மைனாவின் அலகிலிருந்தும் ஒளிய இந்தப் பசும்படுகை வேண்டும். அதற்குக் கீழே ஆரைக்கீரை. நீர் வற்றும்போது ஆரை தன் வித்துறைகளை மண்ணில் விட்டுவிட்டு மறைகிறது. அந்த உறைகள் பல பத்தாண்டுகள் காய்ந்து கிடந்தும் நீர் பட்டால் முளைக்கக்கூடியவை.

நடு ஆழத்தில் கோரை, நீர்முள்ளி. ஆழமான முனையில் அல்லி, கொட்டி. இவை இரண்டும் கிழங்காக மண்ணுக்குள் கோடையைக் கழித்து அடுத்த மழைக்குத் துளிர்க்கும். நீருக்குள் மூழ்கி வாழும் வேலம்பாசி ஒரு கைப்பிடி போதும். நீரில் ஆக்சிஜன் சேர்க்கும். தேரையின் முட்டைச்சரம் சுற்றிக்கொள்ள இடம் தரும். கரைமேல் வெட்டிவேரும், நீருக்கு மேலே கிளை நீட்டும் ஒரு செம்பருத்தியோ நந்தியாவட்டையோ இருந்தால் மரத்தவளை நுரைக்கூடு கட்ட இலை கிடைக்கும்.

சிலவற்றைக் கொண்டுவரவே கூடாது. ஊதாப் பூ பூக்கும் ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளை மூடிய செடி. ஒரு துண்டு போதும், குட்டை முழுவதும் பரவி ஒளியை மறைக்கும். சம்பு நம் ஊர்ச் செடிதான் என்றாலும் சிறிய குட்டையை ஓராண்டில் தூர்த்துவிடும். தாமரைக்கும் இந்த இடம் போதாது.

பக்கத்து வாய்க்காலிலிருந்து ஒரு வாளி சேறும் சில செடிகளும் எடுத்துவந்தால் போதும் என்று தோன்றும். அதோடு மீன்குஞ்சும் மீன்முட்டையும் வந்துவிடும். செடியைக் கொண்டுவந்து, வேரை நன்கு அலசி, ஒரு வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்தபின் நடுவது பாதுகாப்பு.

கொசு என்ற கேள்வி

அண்டை வீட்டார் கேட்கும் முதல் கேள்வி இது. டெங்குவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர்களில் இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய யாருக்கும் உரிமையில்லை. அதனால் நேராகப் பேசுவோம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு பெரும்பாலும் முட்டையிடுவது மூடாத தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு போன்ற சிறு கொள்கலன்களில். மண்தரையில் செடிகளோடும் பூச்சிகளோடும் இருக்கும் குட்டை அதற்கு உகந்த இடம் அல்ல. சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸ், அழுகல் மிகுந்த நீரைத் தேடும். ஆனால் அனாபிலிஸ் வகைகள் சில தெளிந்த குட்டைநீரில் வளரக்கூடியவை. எனவே காவல் வேண்டும்.

அந்தக் காவலர்கள் பறந்து வருவார்கள். குட்டை நிறைந்த சில நாட்களில் முதுகால் நீந்தும் நீர்ப்பூச்சிகளும் நீர்வண்டுகளும் தாமாகவே வந்து இறங்கும். தும்பிகள் முட்டையிடும், தும்பியின் இளம்புழு நீருக்குள் தேர்ந்த வேட்டைக்காரன். பெருந்தவளையின் தலைப்பிரட்டை வந்தால் அதுவும் கொசுப்புழுவைத் தின்னும். இலங்கையின் பேராதனை ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அங்குள்ள தேரை, மரத்தவளை முதலிய இனங்களின் தலைப்பிரட்டைகள் ஏடிஸ் கொசுவின் முட்டைகளையே தின்பதைக் கண்டார்கள்.

ஆபத்தான காலம் முதல் இரண்டு மூன்று வாரங்கள். வேட்டையாடிகள் வந்து நிலைபெறும் முன் கொசு முந்திக்கொள்ளலாம். நம் வெப்பத்தில் கொசுமுட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் இருமுறை வெள்ளை நிற அகப்பையால் ஓரங்களில் நீரை மொண்டு பார்க்க வேண்டும். நெளியும் புழு தெரிந்தால் சல்லடைத் துணியால் அள்ளிவிட வேண்டும். நான்கு பேர் வீட்டில் இதை ஒரு பிள்ளையின் பொறுப்பாகக் கொடுத்தால், அந்தப் பிள்ளை ஒரு பருவத்தில் கற்கும் உயிரியல் எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

கொசுவுக்கு மீன் விடலாமே என்பார்கள். 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீனும், அதற்கு முன்பே வந்த கப்பி மீனும் கொசு ஒழிப்புக்காக நாடெங்கும் விடப்பட்டவை. கம்பூசியா இன்று உலகின் மிக மோசமான அயல்நில ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. கொசுப்புழுவைத் தின்னும் அதே வாய் தவளையின் முட்டையையும் இளம் தலைப்பிரட்டையையும் தின்னும். கொசுவை அடக்கும் நீர்ப்பூச்சிகளையும் தின்னும். மூடிய கிணற்றுக்கும் சிமெண்ட் தொட்டிக்கும் மீன் பொருந்தலாம். தவளைக்குட்டையில் மீன் நுழைந்தால் அது மீன்குட்டை. கோடையில் வற்றவிடுவது, தப்பித் தவறி வந்த மீனை அகற்றும் வழியும் ஆகும்.

தவளைகள் போனால் கொசு என்ன ஆகும் என்பதற்கு மத்திய அமெரிக்கா ஒரு கசப்பான சான்று. 1980களிலிருந்து கைட்ரிட் என்ற பூஞ்சை நோய் கோஸ்டா ரிகாவிலும் பனாமாவிலும் தவளைகளைக் கொன்றபடி பரவியது. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, தவளைகள் அழிந்த பகுதிகளில் அடுத்த சில ஆண்டுகளில் மலேரியா கூடியதைக் காட்டியது.

தவளையைக் கொண்டுவராதீர்கள்

குட்டை நிறைந்த மறுவாரமே தவளை வரவில்லையே என்று ஏங்கி, ஏரியிலிருந்து ஒரு வாளி தலைப்பிரட்டை அள்ளிவருவது பலருக்கும் தோன்றும். செய்யக் கூடாது. கைட்ரிட் பூஞ்சை ஈரத்திலும் சேற்றிலும் தொற்றிப் பயணம் செய்வது. 2019இல் வெளியான உலகளாவிய கணக்கின்படி 501 நீர்நில வாழ் உயிரினங்களின் சரிவுக்கு அது காரணம். அவற்றில் 90 இனங்கள் அழிந்ததாகக் கருதப்படுகின்றன. இடம் மாற்றுவதன் இன்னொரு விளைவை அந்தமானில் பார்க்கிறோம். இங்கே நமக்குச் சொந்தமான பெருந்தவளை, அந்தத் தீவுகளுக்கு மனிதரோடு போய்ச் சேர்ந்து, அதன் ஊனுண்ணித் தலைப்பிரட்டைகளால் அங்குள்ள தவளைகளின் தலைப்பிரட்டைகளை அழிக்கிறது.

குட்டையும் சரியாக இருந்து, சுற்றிலும் தவளைகள் நடமாட வழியும் இருந்தால், அவை மழையிரவில் தாமே வரும். சுற்றுச்சுவரின் அடியில் ஓரிரு செங்கல் அளவுக்குத் துளை விடுவதுதான் நாம் தர வேண்டிய அழைப்பு.

வந்தவை தங்க, நீரில் நஞ்சு இருக்கக் கூடாது. தவளை வாயால் நீர் குடிப்பதில்லை. தொடையையும் அடிவயிற்றையும் ஈரத்தில் அழுத்தி, தோல் வழியாக உறிஞ்சுகிறது. மூச்சின் ஒரு பங்கும் தோல் வழியேதான். அந்தத் தோல் நீரோடு சேர்த்து நீரில் கரைந்ததையும் உள்ளே விடும். பட்டு நெசவு நடக்கும் வட்டாரத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டு நூலின் பசையை நீக்கச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சிய நீரும், சாயம் அலசிய நீரும் குட்டைப் பக்கமே போகக் கூடாது. துணி துவைத்த நீர், பூச்சிமருந்து தெளித்த கைத்தெளிப்பானைக் கழுவிய நீர், ஆர்ஓ கருவி கழிக்கும் உப்பு மிகுந்த நீர் ஆகியவையும் அப்படியே. குழாய்நீர் விட நேர்ந்தால் திறந்த பாத்திரத்தில் ஓரிரு நாள் வைத்து, குளோரின் போனபின் விட வேண்டும்.

தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரலாம். பெரும்பாலும் வருவது நஞ்சில்லாத தண்ணீர்ப்பாம்பு. ஆனால் நல்ல பாம்பும் தேரையைத் தின்னும். குட்டை வீட்டுவாசலையும் படுக்கையறையையும் விட்டுத் தள்ளி இருக்கட்டும். இரவில் டார்ச் இல்லாமல் அங்கே போகக் கூடாது. எலி பெருகும் குப்பையைக் குட்டையருகே சேர்க்கக் கூடாது. கைக்குழந்தைகள் உள்ள வீட்டில் வேலி இல்லாமல் எந்த நீரும் இருக்கக் கூடாது; அரையடித் தண்ணீரும் அவர்களுக்கு ஆபத்துதான்.

கொல்லையிலிருந்து ஏரிக்கு

1987 வரை இந்தியா தவளைக் கால்களை ஆண்டுதோறும் டன் கணக்கில் வெளிநாட்டுக்கு அனுப்பியது. வயல்களிலிருந்து பெருந்தவளையும் பச்சைத் தவளையும் சாக்குச் சாக்காகப் பிடிக்கப்பட்டன. அந்த ஆண்டு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பிடிப்பதைச் சட்டத்தால் நிறுத்த முடிந்தது. இன்று தவளைகளை அழிப்பது வேறு: மண் நிரப்பிய குட்டை, சிமெண்ட் பூசிய வாய்க்கால், வயல் இருந்த இடத்தில் மனை. 2023இல் வெளியான உலக மதிப்பீட்டின்படி நீர்நில வாழ் உயிரினங்களில் ஐந்தில் இரண்டு அழிவின் விளிம்பை நோக்கி நகர்கின்றன. வாழிடம் இழப்பதே அவற்றுக்கு மிகப் பரவலான அச்சுறுத்தல்.

பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டில் வயல்வெளிக் குட்டைகள் பெருமளவில் தூர்ந்தபோது, அந்நாட்டுத் தவளைக்கு வீட்டுத் தோட்டக் குட்டைகள் புகலிடமாயின. சென்னையில், கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டுக் கிடந்த அடையாற்றுக் கழிமுகத்தின் 58 ஏக்கர், ஆரோவில் பிச்சாண்டிக்குளம் குழுவினரின் கைவண்ணத்தில் நீர்நிலைகளும் மண்ணின் செடிகளும் நிறைந்த பூங்காவாகி 2011இல் திறக்கப்பட்டது. இழந்த ஈரநிலத்தைக் கையால் மீட்க முடியும் என்பதற்கு அது நம் பக்கத்துச் சான்று.

ஆனாலும் கொல்லைக் குட்டை ஏரிக்கு ஈடாகாது. ஒரு குட்டையில் வளரும் தவளைகள் அடுத்த குட்டைக்கும் வயலுக்கும் போய்வர வேண்டும். ஒரே குட்டைக்குள் அடைபட்ட கூட்டம் நாளடைவில் நலியும். ஆகவே குட்டை வெட்டியவரின் கவனம் ஊர் ஏரிவரை நீள வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஏரியைப் பேணத் தனி வாரியத்தைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையைப் பதிந்து வைத்திருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வது ஊராரின் வேலை என்ற எண்ணம் இங்கே ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது.

இன்று ஏரிகளைத் தூர்வாரும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஜேசிபி இறங்கி, நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டி, சுற்றிலும் நடைபாதை போட்டு, ஏரியைக் குளமாக்கிவிடுகிறார்கள். கொள்ளளவு கூடியது என்று கணக்கு வரும். தவளைக்கு வேண்டிய கணுக்கால் ஆழம் காணாமல் போகும். கிராமசபையில் தூர்வாரும் பணி பேச்சுக்கு வரும்போது, கொல்லையில் ஒரு சிற்றேரி வைத்திருப்பவர் எழுந்து கேட்க வேண்டியது இதுதான்: கரைப்பக்கம் ஆழப்படுத்துங்கள், எதிர்ப்பக்கச் சரிவைத் தொடாதீர்கள், அங்குள்ள கோரையையும் புல்லையும் விட்டுவையுங்கள். தன் கொல்லையில் நீர் ஏறுவதையும் வற்றுவதையும் கண்டவர் சொல்லும்போது அந்தக் கோரிக்கைக்கு வலு கூடும். அப்படி ஒரு சரிவு காப்பாற்றப்பட்டால், ஓர் ஊரில் உள்ள எல்லாக் கொல்லைகளிலும் குட்டை வெட்டினால் கிடைப்பதைவிட அதிகத் தவளைகள் அங்கே பிறக்கும்.